ஹெர்ஸ்ஃபெல்டில் யாரும் பேசவில்லை

1987 நவம்பர் 7, சனிக்கிழமை. மான் வேட்டைப் பருவத்தின் முதல் நாள். வெர்லீனுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. கணவர் ஹார்லன் ஒட்மர்ஸின் இறைச்சிக் கூடத்தில் ரசீது எழுதத்தான் அவரை உட்கார வைத்திருந்தார்கள். மத்தியானத்துக்குள் கொக்கிகள் எல்லாம் நிரம்பி, வாசலில் தொடங்கிய வண்டி வரிசை சாலை வரை நீண்டுவிட்டது. தோலுரிக்க வந்திருந்தவர்களில் ஒருவன் கையை வெட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். வெர்லீன் பேனாவை மூடி வைத்தார். அவன் போட்டுவிட்டுப் போன கத்தியைக் கழுவி எடுத்து, அவன் விட்ட இடத்திலிருந்து உரிக்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து ரசீது எழுத வேறு ஆள்தான்.

கூடம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. ஹெர்ஸ்ஃபெல்ட் ஊருக்கு வெளியே, இருவழிச் சாலையின் கிழக்கு ஓரத்தில், தகரக் கூரையும் பின்புறம் புகைவீடுமாக. ஹார்லன் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. கூடத்தை விற்றுவிடச் சொன்னவர்கள் பலர். அதிகம் சொன்னவர் ஹார்லனின் தம்பி லீராய். வெர்லீன் விற்கவில்லை.

வேலை நவம்பர் முதல் ஜனவரி தொடக்கம் வரைதான். மற்ற மாதங்களில் யாராவது ஒரு பன்றி, ஒரு கன்று என்று கொண்டுவருவார்கள். அது மின்சாரக் கட்டணத்துக்குச் சரியாகப் போகும். வருடத்தின் சோறு அந்தக் குளிர்காலத்து மான்களில் இருக்கிறது. ஹூஸ்டனிலிருந்தும் சான் அன்டோனியோவிலிருந்தும் வருகிற வேட்டைக்காரர்கள் சாலைக்கு மேற்கே இருக்கும் பண்ணைகளைக் குத்தகைக்கு எடுத்திருப்பார்கள். சுட்ட மானின் குடலை எடுத்துவிட்டு, வண்டியில் போட்டு, சாலையைத் தாண்டி வெர்லீனிடம் கொண்டுவருவார்கள். மற்றதெல்லாம் அவர் பொறுப்பு. பாதி மான், பாதி பன்றி, மிளகு, பூண்டு, ஓக் விறகுப் புகை. கறியை அரைத்துக் குடலில் அடைத்துப் புகையூட்டும் ஒட்மர்ஸ் சாசேஜுக்காகவே மான் சுட வருகிறவர்கள் உண்டு.

போன வருடம் வசந்தத்தில், பக்கத்து மாவட்டத்தில் வேலிக்குள் வளர்த்த மான் ஒன்று வாயில் எச்சில் ஒழுக, வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்து செத்தது. சோதித்துப் பார்த்தார்கள். மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிற, மானுக்கு மான் தொற்றுகிற ஒரு நோய். மருந்து கிடையாது. மூளையிலும் தண்டுவடத்திலும் எலும்பிலும் தங்கி, மண்ணில் விழுந்தால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறை ஒரு வரைவு விதி போட்டது. நோய் கண்ட இடத்தைச் சுற்றிக் கட்டுப்பாட்டு வட்டாரம் ஒன்று. வட்டாரத்துக்குள் சுட்ட மானை முழுசாக வெளியே கொண்டுபோகக் கூடாது. தலையையும் முதுகெலும்பையும் அங்கேயே விட்டுவிட்டு, எலும்பில்லாத கறியை மட்டும் எடுத்துப் போகலாம். வட்டாரத்தின் கிழக்கு எல்லைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது இருவழிச் சாலையை. சாலை என்றால் எந்த வேட்டைக்காரனுக்கும் தெரியும், வரைபடம் தேவையில்லை.

வெர்லீனின் கூடம் சாலைக்கு இந்தப் பக்கம், அதாவது வட்டாரத்துக்கு வெளியே. அவருக்கு வருகிற மான்களில் முக்கால்வாசி அந்தப் பக்கம். வட்டாரத்துக்குள்ளேயே, அடுத்த ஊரில், இன்னொரு கூடம் இருக்கிறது. வேட்டைக்காரர்கள் வண்டியை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். ஒரே பருவத்தில் ஒட்மர்ஸ் கூடம் மூடிவிடும்.

துறை நினைத்தவுடன் விதி போட்டுவிட முடியாது. அரசிதழில் வெளியிட வேண்டும். முப்பது நாளாவது பொறுக்க வேண்டும். ஜனங்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். காரணத்தோடு யார் எதிர்த்தாலும் அந்தக் காரணத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு என்ன பாதிப்பு என்று மதிப்பிட்டும் சொல்ல வேண்டும். பெரிய பாதிப்பு இருக்காது என்று எதிர்பார்ப்பதாக வரைவில் எழுதியிருந்தார்கள். கூடவே, வேறு விதமாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்றும் கேட்டிருந்தார்கள். கடைசி முடிவு, மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் கூடுகிற துறையின் ஆணையம் கையில்.

இந்த வருடம் ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஹெர்ஸ்ஃபெல்ட் தீயணைப்புக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். நடத்த வந்தவர் நேதன் கிரோஸ், அந்த மாவட்டத்துக்கான துறையின் வனவிலங்கு அலுவலர். முப்பத்தைந்து வயது இருக்கும். ஐந்து வருடமாக அதே ஊரில் குடியிருக்கிறார். அவர் மகள் படிப்பது அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான். கூடம் நிறைந்துவிட்டது. நாற்காலி போதாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள். வெர்லீன் பெரிய தட்டு நிறையக் காய்ந்த சாசேஜும் சீஸும் உப்பு பிஸ்கட்டும் கொண்டுவந்து, வண்டியில் ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தார். கூட்டம் முடிந்த பிறகு சாப்பிட.

நேதன் வரைபடத்தைக் காட்டி விதியை விளக்கினார். ஒலிப்பதிவுக் கருவியை மேஜையில் வைத்தார்.

"பேச விரும்புறவங்க மைக்குக்கிட்ட வாங்க. பேரைச் சொல்லிட்டு ஆரம்பிக்கலாம்."

யாரும் அசையவில்லை.

"ஆதரவோ எதிர்ப்போ, எதுவானாலும் சரி."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். கூரையில் மின்விசிறி சுற்றியது.

"லீராய் சார், நீங்க?"

லீராய் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "நான் சும்மா கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். நீங்க நல்லாத்தான் பேசினீங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். நேதன் இன்னும் ஒரு தடவை கேட்டார். பிறகு மணியைச் சொல்லி, கூட்டம் முடிந்தது என்று அறிவித்து, கருவியை அணைத்தார்.

ஹெர்ஸ்ஃபெல்டில் உண்மையான பேச்சு கூடத்துக்குள் நடப்பதில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் பிங்கோ ஆட்டத்துக்கும்தான் கூடம். அங்கே யார் முன்னால் நின்று பேசினாலும் கேட்டு, கைதட்டி, நன்றி சொல்ல வேண்டும். நிலம் வாங்குவது, மாடு விற்பது, பள்ளிக்கூடத்துக்கு யாரைத் தலைமையாசிரியராகப் போடுவது, இதெல்லாம் முடிவாவது வெளியே, பிக்கப் வண்டியின் பின்கதவைச் சாய்த்துப் போட்டு, அதில் கையூன்றி நின்றுகொண்டு. அன்றும் அப்படித்தான் நடந்தது. கூடத்தில் கால்மணி நேரம். வெளியே இரண்டு மணி நேரம்.

லீராய்தான் முதலில் ஆரம்பித்தார். "ஏம்ப்பா நேதன், ரோட்டத் தாண்டக் கூடாதுன்னு மானுங்களுக்கு யாரு சொல்றது? போர்டு கீர்டு மாட்டப் போறீங்களா?"

"செத்த மானுக்குத்தான் சார் விதி. உயிரோட இருக்கறது எங்க வேணா போகலாம்."

"அடடே, செத்தப்புறம்தான் சட்டம் வருமா! நம்ம ஊரு வக்கீல் மாதிரியே இருக்கே, அவரும் உயில் படிக்கத்தான் வருவாரு."

சிரிப்பு அடங்க நேரமானது. வெர்லீன் சாசேஜை வட்ட வட்டமாக வெட்டிக்கொண்டே பேசினார்.

"இங்க பாருப்பா. எனக்கு வர்றதுல நாலுல மூணு அந்தப் பக்கத்து மான். சுடறவரு ஹூஸ்டன்ல பல் டாக்டரு. பல்லு வேணா புடுங்குவாரு, முதுகெலும்ப எடுன்னா என்ன செய்வாரு? பாதிக் கறியையும் சேத்து எறிஞ்சிடுவாரு. இல்லாட்டி அடுத்த ஊருக்குப் போயிடுவாரு. நான் புகைவீட்டுக்குள்ள உக்காந்து எதப் புகைக்கறது?"

நேதன் கையில் எடுத்த பிஸ்கட்டை வாயில் வைக்காமல் கேட்டார். "வெர்லீன் மேடம், இத உள்ளயே சொல்லியிருக்கலாமே? இப்பத்தான் கருவிய அணைச்சேன்."

"உள்ளயா? ஊருக்கு வந்த மனுஷன மைக்கு முன்னால நிக்க வச்சு யாராவது சண்டை போடுவாங்களா?"

"நான் உங்க தெருவுக்குப் பின்தெருவுலதான் இருக்கேன்."

"அது வேற. அந்தத் துறைச் சட்டையப் போட்டுக்கிட்டு வந்தா நீ விருந்தாளி."

"இங்க பேசறதெல்லாம் கணக்குல வராதுங்க. எழுதி அனுப்புங்க, இல்லாட்டி ஆகஸ்ட்ல ஆணையம் கூடும்போது ஆஸ்டினுக்கு வந்து சொல்லுங்க."

"உனக்குக் காது கேக்குதுல்ல?" என்றார் லீராய். "போய்ச் சொல்லு, அவ்வளவுதான்." நேதனின் தட்டில் இன்னும் நாலு துண்டு வைத்தார். நேதன் மறுபடி விளக்க ஆரம்பித்தபோது பேச்சு மழைக்குப் போய்விட்டது. ஊர் நிம்மதியாக வீட்டுக்குப் போனது. சொல்லியாகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். வெர்லீனும்தான்.

ஆகஸ்ட் நடுவில் நேதன் இறைச்சிக் கூடத்துக்கு வந்தார். வரப்போகிற பருவத்தில் மான் தலைகளிலிருந்து சோதனைக்கு மாதிரி எடுப்பது பற்றிப் பேச வந்தவர், கிளம்பும்போது வாசலிலேயே நின்றார்.

"வெர்லீன் மேடம், வந்த கருத்தெல்லாம் தொகுத்தாச்சு. ஹெர்ஸ்ஃபெல்ட்லேர்ந்து ஒண்ணுகூட இல்ல."

வெர்லீன் கத்தி தீட்டுவதை நிறுத்தினார். "ஒண்ணுகூடன்னா? கூடம் நெறையா ஆளு இருந்துச்சே?"

"வந்தீங்கன்னு இருக்கு. பேசினீங்கன்னு இல்ல. கூட்டத்துக்கு நிறைய பேர் வந்தாங்க, யாரும் எதிர்க்கலன்னு போகும். அதப் படிக்கிறவங்க ஊரே சம்மதிச்சதாத்தான் நெனப்பாங்க."

"நீ கேட்டியேப்பா!"

"கேட்டேன். மேல சொல்லியும் பாத்தேன். யாரு சொன்னது, எங்க சொன்னதுன்னு கேட்டாங்க. வண்டி பின்னாலன்னு சொன்னேன். உங்க பேர்ல நான் கருத்துப் போட முடியாதுங்க. நீங்க சொன்னா அதுக்கு அவங்க பதில் சொல்லியே ஆகணும். சொல்லாததுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்ல."

"இன்னும் நேரம் இருக்கா?"

"ஆணையம் கூடற அன்னிக்கு வரைக்கும் இருக்கு. எழுதினாலும் போதும்."

"எழுத உக்காந்தா கோவம்தான் வரும். நேர்லயே வர்றேன்."

அன்று சாயங்காலமே லீராயின் பண்ணைக்குப் போனார். லீராய் வேலிக்கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்டினுக்கு என்னோட நீயும் வர்ற."

"எனக்கு வேலி இருக்கு."

"வேலி ஓடிடாது."

"மாடு ஓடிடுமே."

"வெளிய நின்னு அவ்வளவு வாய் பேசின. அந்த வாயக் கொண்டு வா, போதும். மாட்ட இங்கயே விட்டுட்டு வா."

லீராய் மறுபடி கம்பியை இழுக்க ஆரம்பித்தார். ஆனால் ஆணையம் கூடிய நாள் விடியற்காலையில் வண்டியைக் கழுவி, வெர்லீன் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். வெர்லீன் சாவு வீட்டுக்கு உடுத்துகிற கருநீல உடுப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். வழியில் அதைப் பற்றி லீராய் ஒரு வார்த்தை சொல்லப் பார்த்தார். வெர்லீன் திரும்பிப் பார்த்த பார்வையில் ரேடியோவைப் போட்டுவிட்டார்.

ஆணையத்தின் மண்டபத்தில் வளைவான மேஜைக்குப் பின்னால் உறுப்பினர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேச வருகிறவர்கள் எதிரே மைக்கில் நிற்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் பேசலாம், மஞ்சள் வந்தால் முடிக்க வேண்டும், சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும். வெர்லீன் பெயரை அழைத்தபோது பச்சை எரிந்தது.

"என் பேரு வெர்லீன் ஒட்மர்ஸ். மொதல்ல, உங்க காபி நல்லா இருந்துச்சு, நன்றிங்க."

சிரித்தார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. சாலை, கூடம், பல் டாக்டர், அடுத்த ஊர், எல்லாவற்றையும் சொன்னார். வண்டிக்குப் பின்னால் சொன்னதைவிடச் சுருக்கமாகவே வந்தது.

"சின்னத் தொழிலுக்குப் பாதிப்பு இருக்காதுன்னு எழுதியிருக்கீங்க. தெரிஞ்சா சொல்லச் சொன்னீங்க. நாங்க சொல்லல. இப்ப சொல்றேன். இந்த விதி இப்படியே வந்தா கிறிஸ்துமஸுக்கு முன்னாடி நான் கூடத்த மூடிடுவேன். நோய் பரவறது எனக்கும் வேண்டாம், மான் இல்லாட்டி நானும் இல்ல. கோட்ட ஒரு மைல் கிழக்க தள்ளிப் போடுங்க. நான் உள்ள வந்துடறேன். அவ்வளவுதான்."

மஞ்சள் வந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார். ஆணையத்தின் தலைவி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய அம்மாள், துறையின் வழக்கறிஞர் பக்கம் திரும்பினார். "தள்ளலாமா?"

"முடியாதுங்க. அந்த ஒரு மைல்ல நிலம் வச்சிருக்கவங்க கோடு ரோட்டோட நிக்குதுன்னுதான் அரசிதழ்ல பாத்திருக்காங்க. அவங்களுக்குச் சொல்லாம இன்னிக்கு உள்ள இழுத்துப் போட முடியாது. அப்படின்னா மறுபடி அரசிதழ், மறுபடி கூட்டம்."

அந்த ஒரு மைலுக்குள் நான்கு பண்ணைகள் இருந்தன. நால்வரையும் வெர்லீனுக்குத் தெரியும். அவர்களில் யாரையும் அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"தளர்த்தினா?" என்றார் தலைவி.

"அதுக்குத் தடையில்ல. கட்டுப்பாடு குறைஞ்சா புதுசா யாரும் மாட்டிக்க மாட்டாங்க."

சுவரோர வரிசையிலிருந்து நேதனும் அவருடைய மேலதிகாரியும் எழுந்து வந்தார்கள். எல்லையிலிருந்து கொஞ்ச தூரத்துக்குள் இருக்கும் இறைச்சிக் கூடங்களுக்கு மட்டும் முழு மானைக் கொண்டுபோகலாம் என்று விலக்கு ஒன்று சேர்க்கலாம் என்றார் மேலதிகாரி. கழிவு சரியாகப் போகிறதா என்பதுதான் கேள்வி. உறுப்பினர்களில் ஒருவர் மாட்டு டாக்டர். அவர் மைக்கை இழுத்துக்கொண்டார்.

"மேம், உங்க கூடத்து எலும்பெல்லாம் எங்க போகுது?"

வெர்லீனுக்குப் பின்னால், முதல் வரிசையில், லீராய் மெதுவாக, "குப்பைக் கிடங்குக்குன்னு சொல்லு" என்றார். மண்டபத்தில் மெதுவாகச் சொல்வதற்கு இடமில்லை. எல்லோருக்கும் கேட்டது.

வெர்லீன் திரும்பவில்லை. "கூடத்துக்குப் பின்னால ஓடை ஒண்ணு இருக்குங்க. ஓடைக்குப் பக்கத்துல குழி. அதுல போடறோம். தோண்டினவரு இப்பப் பேசினவரு."

யாரும் சிரிக்கவில்லை. மாட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பக்கத்து எலும்பு இந்தப் பக்கத்து ஓடைக்கு வரக் கூடாதுன்னுதானேம்மா இந்த விதியே."

"ஆமாங்க. விதிய நாலு தடவ படிச்சேன். என் குழிய நெனச்சுப் பாக்கல."

சிவப்பு விளக்கு எப்போதோ எரிந்திருந்தது. தலைவி அதைப் பார்த்துவிட்டு, "சொல்லுங்க" என்றார்.

"குழிய மூடிடறேன். எலும்பு, தல, தோலு எல்லாம் மூடி போட்ட தொட்டில போட்டு மாவட்டக் குப்பைக் கிடங்குக்கு அனுப்பறேன். நாப்பது மைல். வாரத்துக்கு ரெண்டு நடை. லீராய்கிட்ட டிரெய்லர் இருக்கு."

அடுத்த பெயர் லீராய் ஒட்மர்ஸ். பச்சை எரிந்தது. லீராய் மைக்குக்கு வந்து, தொப்பியை எடுத்து, நெஞ்சில் வைத்துக்கொண்டு, பச்சை மஞ்சளாகும் வரை சும்மா நின்றார்.

"இவ சொன்னதேதாங்க," என்றார் கடைசியில். "டிரெய்லர் உட்பட."

மத்தியானத்துக்கு முன் ஓட்டெடுப்பு முடிந்தது. விதி நிறைவேறியது. கழிவை மூடிய தொட்டியில் மாவட்டக் குப்பைக் கிடங்குக்கு அனுப்புகிற கூடங்களுக்கு இந்த ஒரு பருவத்துக்கு மட்டும் விலக்கு. கோட்டைத் தள்ளுவதைத் தனி வரைவாகப் புதிதாகப் போடச் சொன்னார்கள். வெர்லீன் சொன்ன காரணத்தை எழுதி, அதற்குக் கீழே துறையின் பதிலை எழுதி, இரண்டையும் சேர்த்து அரசிதழில் வெளியிடுவார்கள் என்று நேதன் வாசலில் வந்து சொன்னார்.

"என் பேர் வருமா?"

"பேர் வராது. ஒருத்தர் எதிர்த்தாருன்னு வரும்."

"போதும்," என்றார் வெர்லீன். "ரெண்டு பேருன்னு போடு. இவனும் பேசினான்ல?"

திரும்பி வரும்போது டீசல் போட நிறுத்திய இடத்தில் லீராய் கேட்டார்.

"நான் எப்ப டிரெய்லர் தர்றேன்னு சொன்னேன்?"

"மைக்குல சொன்ன. பதிவுல இருக்கு."

"வாரத்துக்கு ரெண்டு நடைன்னா டீசல் யாரு போடறது?"

"அத வீட்டுக்குப் போய் வண்டி பின்னால நின்னு பேசிக்கலாம்."

செப்டம்பரில் லீராய் கடன் வாங்கிய எந்திரத்தோடு வந்து ஓடையோரக் குழியை மூடினார். கிடங்கு ஆட்கள் மூடி போட்ட தொட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வெர்லீன் ஒரு மைலுக்குள் இருக்கும் நான்கு பண்ணைகளுக்கும் நேரில் போனார். இரண்டு வீட்டில் சரி என்றார்கள். ஒரு வீட்டில் யோசிக்க வேண்டும் என்றார்கள். நான்காவது வீட்டில் காபி கொடுத்து, தங்களுக்கு அந்த வட்டாரத்துக்குள் வர இஷ்டமில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள்.

"இதையே அடுத்த கூட்டத்துலயும் வந்து சொல்லுங்க," என்றார் வெர்லீன்.

"உனக்கு எதிரா எப்படி வெர்லீன் மைக்குல பேசறது?"

"நான் விருந்தாளி இல்ல. பேசுங்க."

புதிய வரைவு மீதான கருத்துக் கேட்புக் கூட்டம் அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு அதே தீயணைப்புக் கூடத்தில் நடக்கிறது. சாசேஜ் தட்டு இந்தத் தடவை வண்டியில் இருக்காது, கூடத்துக்குள்ளேயே மைக்குக்குப் பக்கத்தில் இருக்கும். பேசி முடித்தவர்களுக்குத்தான் வெட்டிக் கொடுப்பதாக வெர்லீன் சொல்லியிருக்கிறார்.